ஆடி மாதத்து ஊட்டி: மலை ஓட்டலை எப்படி ரசிப்பது?

மே மாதத்தில் எந்த மலை ஓட்டலும் நல்ல பெயர் வாங்கிவிடும். கீழே கோயம்புத்தூரும் சேலமும் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஊட்டியில் எந்தக் கூரைக்கு அடியில் படுத்தாலும் சொர்க்கம்தான். சுவர் ஓதம் வாங்குமா, ஜன்னல் காற்றை நிறுத்துமா, விடியற்காலையில் குழாயைத் திறந்தால் வெந்நீர் எத்தனை நேரம் கழித்து வரும் என்பதெல்லாம் அப்போது யார் கண்ணிலும் படாது. வெயிலிலிருந்து தப்பிய சந்தோஷம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

இப்போது நீலகிரியில் பழைய பங்களாக்களும் ஓட்டல்களும் புதுப்பிக்கப்பட்டு, ‘வருடம் முழுவதும் தங்கலாம்’ என்ற அழைப்போடு திறக்கப்படுகின்றன. வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. அவ்வளவு பணம் கொடுத்துத் தங்குகிறவர், கொடுத்த பணத்துக்கு எதை ரசிக்க வேண்டும்? என் பதில் இது: இந்தக் கட்டடங்கள் எந்தப் பருவத்துக்காகக் கட்டப்படவில்லையோ, அந்தப் பருவத்தில் போய்ப் பாருங்கள். புதுப்பித்தவர்களின் திறமை அங்கேதான் இருக்கிறது. 

ஒரு பருவத்துக்கென்றே வளர்ந்த ஊர்

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் ஊட்டியில் கட்டத் தொடங்கிய கல் பங்களா, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதன் பிறகு வந்த பங்களாக்கள், கிளப்புகள், ஓட்டல்கள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: சமவெளியின் வெயிலிலிருந்து தப்பிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரயில் வந்தது. கோடை முடிந்ததும் கவர்னர் இறங்குவார். பின்னாலேயே ஊரில் பாதி இறங்கிவிடும்.

கட்டடங்களும் அந்தக் கணக்கில்தான் எழுந்தன. வெயில் வேண்டும் என்பதற்காக முன்னே துருத்திய கண்ணாடி ஜன்னல்கள், மாலையில் உட்கார வராந்தா, கொஞ்சம் குளிருக்குக் கணப்பு. மைசூர் மன்னர் குடும்பத்தின் கோடை வாசஸ்தலமாக இருந்த ஃபெர்ன்ஹில் அரண்மனை, புல்வெளியைச் சுற்றிக் காட்டேஜ்கள் கொண்ட சவாய் ஓட்டல் இரண்டையும் வெளியே நின்று பார்த்தாலே இந்தக் கோடைத் திட்டம் புரியும். ஆடி மழைக்கும் தை மாதக் குளிருக்கும் விருந்தாளி இருக்கமாட்டார்; வீட்டைக் காவல்காரரும் தோட்டக்காரரும் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே, இன்று அப்படிப்பட்ட கட்டடத்தை வருடம் முழுவதுக்குமாக மாற்றுகிறவர் கோடை வீட்டைக் குடியிருக்கும் வீடாக்குகிறார். வெள்ளித்தட்டும் வெல்வெட் திரையும் பணம் இருந்தால் ஒரே வாரத்தில் வந்துவிடும். ஈரத்தையும் குளிரையும் வெளியே நிறுத்தி, பழைய கட்டடத்தின் குணத்தை உள்ளே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பெட்டியை வைத்ததும் ஜன்னல் காட்சியைப் படம் எடுக்கத் தோன்றும். காட்சி எங்கும் போகாது. முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

பழைய மலைக் கட்டடங்களின் சுவர் கல்லாலும் செங்கல்லாலும் ஆனது. நடுவே சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அவசரமாகப் புதுப்பிக்கிறவர்கள் இதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பார்கள். அப்புறம் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கும். கட்டில் தலைப்பக்கம் திடீரென்று மரப்பலகை அடித்திருந்தால் அது அழகுக்காகவும் இருக்கலாம், ஓதத்தை மறைக்கவும் இருக்கலாம். முகர்ந்து பாருங்கள், மூக்கு பொய் சொல்லாது. சுண்ணாம்பையே மறுபடி பூசியிருக்கும் சுவர் கொஞ்சம் மேடு பள்ளமாக, மங்கலான வெள்ளையாக இருக்கும். அது குறையல்ல, கொத்தனார் கைவேலை. ரசிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

அடுத்தது தரை. பழைய தேக்குப் பலகை நடந்தால் முனகும். மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், பனிக்காலத்தில் சுருங்கும். முனகவே முனகாத மரத்தரை என்றால், கீழே கான்கிரீட் போட்டு மேலே மெல்லிய மரத்தாள் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கதவும் அப்படித்தான்: ஆடியில் கொஞ்சம் இறுகித் திறக்கும் கதவு அசல் மரம்.

ஜன்னலில் பழைய கைவார்ப்புக் கண்ணாடி இருந்தால் வெளியே உள்ள மரம் லேசாக நெளிந்து தெரியும். நல்ல வேலைக்காரர் அந்தக் கண்ணாடியை எடுத்தெறிய மாட்டார். உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்துவார். இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று குளிரை மறிக்கும். ஜன்னல் ஓரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று கசிந்தால் அந்த ராத்திரி உங்களுக்கு இரண்டாவது கம்பளி தேவைப்படும். இப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

கூரையைக் காதால்தான் பார்க்க முடியும். மங்களூர் ஓட்டின் மேல் விழும் மழை முணுமுணுக்கும். தகரத்தின் மேல் விழும் மழை பக்கத்தில் இருப்பவர் பேச்சைக்கூடக் கேட்கவிடாது. ஓட்டுக்குக் கீழே மரத்தட்டி வைத்து, நடுவில் குளிர்காப்பு அடைத்திருந்தால் மழை தூரத்தில் பெய்வதுபோல் கேட்கும். மூன்றில் எது பிடிக்கும் என்பது அவரவர் தூக்கத்தைப் பொறுத்தது.

சித்திரை, வைகாசி: கூட்டத்துக்கு நடுவே

சீசனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-ல் அமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி எல்லாம் மே மாதத்தை ஒட்டி வரும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கிளம்புவதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள்.

இந்த மாதங்களில் போனால் ஓட்டலின் தோட்டத்தைப் பயன்படுத்துங்கள். காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், சேரிங்கிராஸ் சந்திப்பில் வண்டிகள் நெரியத் தொடங்கும் முன்பே உங்கள் நாளின் நல்ல பகுதி முடிந்திருக்கும். பகல் முழுவதும் மற்றவர்கள் படகுத்துறையில் வரிசையில் நிற்கட்டும். வராந்தாவில் ஒரு நாற்காலியும் புத்தகமும் போதும் என்று கட்டிய வீடு இது. அதை அப்படியே பயன்படுத்துவதும் ஒரு ரசனைதான்.

ஆடி: உண்மையான பரீட்சை

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நீலகிரியில் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்யாது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பக்கங்கள்தான் முழு அடியையும் வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஊட்டி அந்த மலைகளுக்குக் கிழக்கே ஒதுங்கியிருப்பதால் இங்கே மழை பெரும்பாலும் சாரலாக, மூடுபனியாக, நாள்கணக்கில் நிற்காத ஈரமாக வரும். இன்னும் கிழக்கே உள்ள குன்னூரும் கோத்தகிரியும் அப்போது அவ்வளவு நனைவதில்லை.

இந்தக் கணக்கு தெரிந்தால் அறையைச் சரியாகக் கேட்கலாம். மழையைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கு பார்த்த அறை, கட்டாயம் வராந்தாவோடு. நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் கிழக்கு பார்த்த அறை. முன்பதிவின்போது ‘வேலி வியூ’ (பள்ளத்தாக்குக் காட்சி) வேண்டும் என்று கேட்பதைவிட இது பயனுள்ள கேள்வி. மூடுபனி நாளில் பள்ளத்தாக்கு அறைக்கும் கொல்லைப்பக்க அறைக்கும் காட்சி ஒன்றுதான்: வெள்ளை. வாடகையில் மட்டும் வித்தியாசம் இருக்கும்.

ஆடியில் ரசிக்க வேண்டியது தூரக் காட்சியை விட்டுவிட்டுக் கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பது. கூரையிலிருந்து தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். நல்ல ஓட்டலில் அது தகரக் கால்வாயில் விழுந்து, குழாய் வழியாகக் கல் பதித்த வாய்க்காலுக்குப் போய், தோட்டத்துத் தொட்டியில் சேரும். கவனமில்லாத இடத்தில் சுவரை நனைத்துக்கொண்டே இறங்கும். மரக்கிளைகளில் பாசியும் பெரணியும் தழைத்திருக்கும். மழை கொஞ்சம் விட்டால் புதருக்குள் ஒரு கூட்டச் சிரிப்பு கேட்கும். இந்த மலைக்கே உரிய நீலகிரிச் சிரிப்பான் பறவைகள் அவை. மே மாதத்துக் கூட்டத்தில் இதைக் கேட்க முடியாது.

இது ஆஃப் சீசன் என்பதால் வாடகை இறங்கும், ஆட்களுக்கு நேரம் இருக்கும். பல வருடம் வேலை பார்த்த ரூம் பாய் ஒருவரிடம், “அண்ணா, இந்தக் கட்டடத்திலேயே மழைக்கு ரொம்ப நல்ல அறை எது?” என்று கேட்டுப் பாருங்கள். பழைய கட்டடம் எது, பின்னால் ஒட்டியது எது, புதுப்பித்தபோது எதை இடித்தார்கள், எதை இடிக்க விடாமல் யார் தடுத்தார்கள் என்ற முழு வரலாறும் வரும். கையேட்டில் அச்சடித்த ‘பாரம்பரியம்’ பக்கத்தைவிட இது ருசியானது.

நான்கு நாள் மழையில் உங்கள் சட்டை காய்ந்ததா, படுக்கை விரிப்பு சில்லென்று ஒட்டியதா, அலமாரியில் பூஞ்சை வாடை வந்ததா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அது உண்மையான சொகுசு ஓட்டல். நட்சத்திரம் எத்தனை என்று பார்க்கவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை: கண்ணாடி போன்ற காலை

இரண்டு பருவமழைக்கு நடுவே செப்டம்பர், அக்டோபரில் ‘ரெண்டாவது சீசன்’ என்று ஊட்டிக்காரர்கள் சொல்லும் சின்னப் பருவம் ஒன்று உண்டு. பூங்காவில் மறுபடி பூ வைப்பார்கள். அதன் பின் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது மலையின் முகம் திரும்பிவிடும். இப்போது நனைவது குன்னூர், கோத்தகிரிப் பக்கம். ஓட்டல் அங்கே இருந்தால் ஆடியில் சொன்ன பரீட்சையை ஐப்பசியில் வைக்க வேண்டும்.

இந்த மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வலுக்கும். முந்தின நாள் மழை தூசியைக் கழுவிவிடுவதால், மறுநாள் காலைக் காற்றில் தூரம் அப்படியே தெரியும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவிலும், மாயாறு பள்ளத்தாக்கைப் பார்க்கும் கோடநாடு காட்சிமுனையிலும் நிற்க இதுதான் நேரம். காலை உணவை ஓட்டலில் கட்டித் தரச் சொல்லிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்த மாதங்களில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிவது வழக்கம். மலை ரயிலையும் அந்தப் பகுதியில் நிறுத்துவார்கள். திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அந்த ஒரு நாள் இருந்தால் மழையைப் பார்க்கலாம்; இல்லாவிட்டால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மார்கழி, தை: கணப்பும் உறைபனியும்

உறைபனிக்கு மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரி வேண்டும். தரையின் சூடு வானத்துக்குப் போய்விட, குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்கள் வெள்ளையாக விடியும்போது, மேட்டில் உள்ள ஓட்டலின் புல்வெளியில் பனித்துளி மட்டும் இருக்கும். மேட்டு ஓட்டலில் தங்கியிருந்தால் மேனேஜரைக் குறை சொல்லாமல், விடியும் முன் பள்ளத்துக்கு வண்டியை விடுங்கள். வெயில் பட்ட இடம் நிமிடங்களில் கரைந்துவிடும். மர நிழல் விழும் பகுதியில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும்.

இந்தப் பருவத்தில் தெற்கு பார்த்த அறையைக் கேளுங்கள். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் பகல் முழுவதும் வெயில் உள்ளே வரும். கனமான கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்து, இருட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். வடக்கு அறையில் எவ்வளவு ஹீட்டர் வைத்தாலும் இந்தச் சுகம் வராது.

கணப்பைப் பற்றி நிறையக் கற்பனை உண்டு. எரியும் விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். முன்னால் உட்காருகிறவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். அறை முழுவதையும் சூடாக்கும் வேலையைச் சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயோ மின் ஹீட்டரோ செய்யட்டும். கணப்பு பேச்சுக்கும் கண்ணுக்கும் ஆனது. சரியாக மூட்டத் தெரிந்த ஆள் முதலில் ஒரு கத்தைக் காகிதத்தைக் கொளுத்தி மேலே பிடித்து, புகைபோக்கியில் உறைந்த குளிர்க் காற்றைத் தள்ளிவிட்டுத்தான் விறகில் நெருப்பு வைப்பார். அவர் மூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். விறகு சீகையா (வாட்டில்), கற்பூர மரமா (யூகலிப்டஸ்) என்றும் கேளுங்கள். இரண்டும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சீகை புல்வெளிகளையும் சோலைக் காடுகளையும் விழுங்கிக்கொண்டு பரவுகிறது. அது எரிவதைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

கணப்பு இல்லாத அறைக்குள் கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ ஒருபோதும் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலைக்கு வந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

தை கழிந்து மாசி, பங்குனியில் கூட்டம் வரும் முன் ஒரு இடைவெளி உண்டு. சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு என்று இங்கே சொல்லும் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூக்கும். பின்னாலேயே சாலை ஓரத்து ஜகரந்தா ஊதா நிறமாகும். அமைதி வேண்டும், நனையவும் மனமில்லை என்பவர்கள் இந்த வாரங்களைப் பிடித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு மேசை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாகும், முட்டைக்குக் கூடுதல் நேரம் வேண்டும். காலையில் கேட்ட முட்டை கொஞ்சம் இளகலாக வந்தால் சமையல்காரர் புதியவர் என்று அர்த்தம். பழகினவர் நேரத்தைக் கூட்டியிருப்பார்.

பஃபேயில் நாற்பது வகை இருந்தாலும், மலையில் விளைந்தது எது என்று பாருங்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வருடம் முழுவதும் பக்கத்துச் சரிவுகளிலிருந்து வரும். கோடையில் பிளம்ஸும் பீச்சும், மழைக்காலத்தில் பேரிக்காயும் கிடைக்கும். ஆகஸ்டில் உங்கள் பழத்தட்டில் பேரிக்காய் இல்லாமல் கீழே இருந்து வந்த தர்பூசணி இருந்தால், அந்தச் சமையலறை எந்த மலையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி ஈரத்தில் சீக்கிரம் நமத்துப்போகும். ஆடியில் பேக்கரியிலிருந்து வந்த சூட்டோடு சாப்பிட வேண்டும். தேநீருக்குத் தை மாதம் விசேஷம். குளிரில் செடி மெதுவாகத் துளிர்ப்பதால் அப்போது பறிக்கும் கொழுந்துக்கு மணம் அதிகம். பால் ஊற்றாமல் ஒரு கோப்பை கேட்டுப் பாருங்கள்.

விருந்தாளியின் பங்கு

ஊட்டிக்குத் தண்ணீர் பெரும்பாலும் பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து வருகிறது. அதைச் சுற்றிய சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் கோடையில் குழாயில் ஏதாவது வருகிறது. உங்கள் குளியல் தொட்டி நிறைவது அந்தப் புல்லின் தயவால். தினமும் துண்டு மாற்ற வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தால் அதை மதிப்பது இலவசமாகச் செய்யக்கூடிய காரியம். மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. சொந்த பாட்டில் கொண்டுபோங்கள்.

இருட்டிய பிறகு வளாகத்துக்கு வெளியே நடக்கப் போக வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை தேயிலைத் தோட்டம் தாண்டி ஓட்டல் புல்வெளி வரை வரும். கரடியும் சிறுத்தையும் அந்தப் பாதைகளில் நடமாடுகின்றன. காவலாளி டார்ச் அடித்துத் திரும்பிப் போகச் சொன்னால் விவாதம் வேண்டாம்.

ஒரே ஓட்டலில், முடிந்தால் ஒரே அறையில், இரண்டு எதிரெதிர்ப் பருவங்களில் தங்குவதுதான் இந்த ரசனையின் முழு வடிவம். ஒரு தடவைதான் போக முடியும் என்றால் ஊட்டிக்கு ஆடியைத் தேர்ந்தெடுங்கள், குன்னூருக்கு ஐப்பசியை. மழையில் உங்களைக் கதகதப்பாக வைத்த கட்டடம் மே மாதத்திலும் நன்றாகவே இருக்கும். மே மாதத்தில் நன்றாக இருந்தது மழையில் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. திரும்பும்போது வரவேற்பறைக் கருத்துப் புத்தகத்தில் எல்லோரும் எழுதும் காட்சியையும் கேக்கையும் விட்டுவிட்டு, சுவர் காய்ந்திருந்தது, கதவு சரியாக மூடியது, கணப்பு மூட்டியவருக்கு வேலை தெரிந்திருந்தது என்று எழுதுங்கள். எதைப் பாராட்டுகிறோமோ அதில்தான் அடுத்த தடவை முதலாளி பணம் போடுவார்.